கயிற்றைப் பிடித்த கை

ஒரு சபா அரங்கில் ஐநூறு பேர் உட்கார்ந்து நாடகம் பார்க்கிறார்கள் என்றால், அதே கூரைக்குக் கீழே அதைப் பார்க்காத ஒருவரும் இருக்கிறார். இத்தனைக்கும் மேடைக்கு எல்லோரையும்விட அருகில் நிற்பவர் அவர்தான். கதாநாயகியின் கண் மை கலைவதும் கழுத்து நரம்பு புடைப்பதும் தெரிகிற தூரம். ஆனால் அவள் உடைந்து அழுகிற அந்த நேரத்தில் அவர் கண், கையிலுள்ள ஸ்கிரிப்டில் பென்சிலால் அடிக்கோடிட்ட ஒரு வரியில் இருக்கும். அந்த வரி முடியும்போது விளக்கு மங்க வேண்டும். அதற்கு இன்னும் நாலு வரி இருக்கிறது. அழுகையை அனுபவிக்க அவருக்கு நேரமில்லை.

நிகழ்ச்சித் தாளில் 'மேடை நிர்வாகம்' என்று அச்சாகும். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், சோபா கொடுத்து உதவிய கடைக்கு நன்றி சொல்லும் வரிக்குப் பக்கத்தில்.

நான் சென்னையில் ஒரு அமெச்சூர் குழுவில் சில வருடங்கள் சின்ன வேடங்கள் போட்டவன். தபால்காரன், பெண் பார்க்க வரும் கூட்டத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா, இரண்டாம் காட்சியில் வந்து மூன்றாம் காட்சியில் காணாமல் போகும் வாடகைதாரர். சின்ன வேடக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு மணி நேர நாடகத்தில் முக்கால்வாசி நேரம் சைடு விங்கில் சும்மா நிற்கலாம். அங்கே நின்றுதான் எங்கள் குழுவின் மேடையைப் பார்த்துக்கொண்டவரைக் கவனித்தேன். பகலில் வங்கி உத்தியோகம். எல்லோருக்கும் 'அண்ணா'. கறுப்புச் சட்டை, சத்தம் வராத ரப்பர் செருப்பு, சட்டைப் பையில் பென்சில் டார்ச்.

நம் சபா நாடகத்துக்கென்று ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. லண்டனிலும் நியூயார்க்கிலும் ஒரு நாடகம் ஒரே அரங்கில் வாரத்துக்கு எட்டுக் காட்சி என்று மாதக்கணக்கில் ஓடும். செட் போட்டது போட்டபடி இருக்கும். இங்கே இன்று நாரத கான சபா, மூன்று வாரம் கழித்து வாணி மஹால், அதற்கப்புறம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழாவில் இன்று நம் குழு, நாளை வேறொரு குழு. அதனால் ஒவ்வொரு காட்சியும் மத்தியானம் செட் வேன் வந்து நிற்பதில் தொடங்கி, ராத்திரி அதே வேன் கிளம்புவதில் முடியும். ஒத்திகையில் மூன்று பேர் உட்கார்ந்த சோபா அன்று இரண்டு பேர் உட்காரும் சோபாவாக வந்து இறங்கும். கதவு வலப்பக்கம் திறக்க வேண்டியது இடப்பக்கம் திறக்கும். "இன்னிக்கு சோபா சின்னது. சித்தப்பா நின்னுக்கட்டும்" என்று அண்ணா என்னிடம் சொல்லும்போது மணி நாலரை. ஆறரைக்குத் திரை. எனக்கு அது வெறும் நிற்பது. அவருக்கோ, நான் நின்றால் பின்னாலிருப்பவருக்கு வெளிச்சம் மறையுமா, காபி டம்ளரை நான் எங்கே வைப்பேன், அந்த டம்ளரை இருட்டில் யார் எடுப்பார்கள் என்று மூன்று கவலை. மூன்றுக்கும் ஸ்கிரிப்டின் ஓரத்தில் குறிப்பு ஏறும்.

விங்கில் ஒரு மேஜை போட்டு அதன்மேல் பழுப்புத் தாளை விரித்து ஒட்டியிருப்பார். மூக்குக் கண்ணாடி, சாவி, கல்யாணப் பத்திரிகை, மாத்திரை டப்பா, பழத்தட்டு என்று நடிகர்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டிய எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொன்றையும் வைத்து அதைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு வரைந்து, உள்ளே பெயரும் எழுதியிருக்கும். பொருள் இருக்கும்போது கோடு கண்ணில் படாது. யாராவது சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேக்கப் அறைக்குப் போய்விட்டால், சாவி வடிவத்தில் ஒரு வெற்றிடம் தாளிலிருந்து முறைக்கும். டார்ச்சை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், என்ன இல்லை என்று தெரிந்துவிடும். இருப்பதை எண்ண ஆயிரம் வழி உண்டு. இல்லாததைக் கண்ணில் காட்டும்படி ஒரு மேஜையைத் தயார் செய்து வைத்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உலகத்தின் பல நாடக அரங்குகளில் இதே பழுப்புத் தாள் பழக்கம் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிரிட்டிஷ் அரங்குகளில் இந்த வேலைக்கு ஒரு கண்டிப்பான கால ஒழுங்கு இருக்கிறது. 'அரை மணி' என்று அவர்கள் அறிவிப்பது, திரை உயர 35 நிமிடம் இருக்கும்போது. 'கால் மணி' என்பது 20 நிமிடம் இருக்கும்போது. 'ஐந்து நிமிடம்' என்றால் பத்து நிமிடம். கடிகாரம் தப்பாக ஓடுகிறதோ என்று தோன்றும். அவர்கள் எண்ணுவது திரை உயரும் நேரத்தை நோக்கியல்ல, முதல் காட்சி நடிகர்கள் தங்கள் இடத்தில் வந்து நிற்க வேண்டிய நேரத்தை நோக்கி. அது திரைக்கு ஐந்து நிமிடம் முன்பு. 'அரை மணி' சொல்லும்போது ஒரு நடிகர் கட்டடத்துக்குள் இல்லையென்றால், மாற்று நடிகரிடம் தயாராகச் சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் மணி அடிப்போம். இரண்டாவது மணிக்கும் மூன்றாவது மணிக்கும் நடுவில் சிறப்பு விருந்தினரின் கார் ஆழ்வார்பேட்டை சிக்னலில் நிற்கும். அந்தப் பதினைந்து நிமிடமும் இருட்டில், வேடத்தோடு, வியர்த்துக்கொண்டு நிற்கும் நடிகர்களைப் பதற்றப்படாமல் வைத்திருப்பதும் மேடை நிர்வாகத்தில் சேர்த்திதான். எந்தக் கையேட்டிலும் இது இருக்காது.

அங்கே நிர்வாகியின் மேசையில் சின்னச் சின்ன விளக்குப் பொத்தான்கள் இருக்கும். சிவப்பைப் போட்டால் 'தயாராக இரு', பச்சையைப் போட்டால் 'செய்'. ஹெட்செட்டில் பேசினால் 'ஸ்டாண்ட் பை', பிறகு 'கோ'. இந்தக் 'கோ' என்ற சொல்லை அவர்கள் வேறெதற்கும் பயன்படுத்த மாட்டார்கள். 'நீ போய்ச் சாப்பிடு' என்று சொல்ல வேண்டியிருந்தாலும் அந்தச் சொல்லைத் தவிர்த்துச் சுற்றி வளைப்பார்கள். காரணம், விளக்கு மேசையில் இருப்பவரின் விரல் அந்தச் சொல்லுக்கு யோசிக்காமல் கீழ்ப்படியும். கீழ்ப்படிய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியில்தான் இந்த மனிதரின் வாழ்க்கை நடக்கிறது என்று எனக்குத் தோன்றும். விளக்கு மங்க மூன்று விநாடி பிடிக்குமென்றால், வசனம் முடிவதற்குச் சற்று முன்பே சொல்ல வேண்டும். அந்தச் 'சற்று' எவ்வளவு என்பது தினமும் மாறும். இன்று நடிகருக்குச் சளி, மூச்சு நீளம் குறைவு. இன்று மூன்றாவது வரிசையில் ஒருவர் இருமுகிறார், நடிகர் அது அடங்கக் காத்திருக்கிறார். ஸ்கிரிப்டில் இதெல்லாம் கிடையாது. அடுத்தவர் எப்போது மூச்சு இழுப்பார் என்று காதால் பிடித்து, அதற்கு அரைக் கணம் முன்னால் வாயைத் திறக்க வேண்டும். பார்வையாளருக்கு இப்போது நடக்கிற நாடகம், அவருக்கு எப்போதும் இனி நடக்கப்போகிற நாடகம்.

ஒருமுறை எங்கள் நாடகத்தில் ஒரு டெலிபோன் மணி வராமல் போனது. காரணம் வயர் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. முந்தைய வசனத்தில் அப்பா வேடக்காரர் அன்றைய செய்தியை வைத்துப் புதிதாக ஒரு ஜோக் அடித்தார். அரங்கம் அதிர்ந்தது. ஒலி போடும் பையனும் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பில் மணி போய்விட்டது. அப்பா டெலிபோனைப் பார்க்கிறார், டெலிபோன் அப்பாவைப் பார்க்கிறது. சம்பந்தி வீட்டிலிருந்து அழைப்பு வராவிட்டால் கல்யாணம் நிற்காது, கல்யாணம் நிற்காவிட்டால் இரண்டாம் பாதியே இல்லை. இப்போது மணி அடித்தால் சிரிப்பொலியில் கேட்காது, சிரிப்பு அடங்கிய பிறகு அடித்தால் அதற்குள் அவர் டெலிபோனை எடுத்துவிடக்கூடும். அண்ணா செட்டுக்குப் பின்னால் ஓடி, வாசற்கதவைத் தட்டி, பக்கத்து வீட்டுப் பையன் குரலில் கத்தினார்: "மாமா, உங்க போன் டெட்டாம். உங்க சம்பந்தி எங்க வீட்டு லைன்ல இருக்கார்!" அப்பா வெளியே போனார், திரும்பி வந்தார், முகத்தைத் தொங்கப்போட்டார், கல்யாணம் நின்றது.

நாடகம் முடிந்து எல்லோரும் அண்ணாவைத் தூக்கிவைத்துக் கொண்டாடினோம். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரே ஒலிப் பையனிடம் போனார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். "சிரிப்பு வந்தா சிரி. விரலை மட்டும் சிரிக்க விடாதே" என்றார். அடுத்த காட்சியிலிருந்து அவர் பையில் பேட்டரி போட்ட ஒரு காலிங் பெல்லும் இருந்தது.

விரலைச் சிரிக்க விடாமல் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று அதற்கப்புறம் யோசித்திருக்கிறேன். ரசிப்பு ஒரு பக்கம் இழுக்கிறது. அதற்கு நேர் எதிர்ப் பக்கமிருந்து பழக்கம் இழுக்கிறது. லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'தி மௌஸ்டிராப்' 1952 நவம்பரில் தொடங்கியது. கொரோனாவால் 2020-இல் நின்று, 2021-இல் மறுபடி திரை உயர்ந்தது. நடிகர்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவிட்டார்கள். ஆனால் மேடையில் வானொலிச் செய்தி ஒலிக்கும்போது கேட்கும் குரல், ஆரம்ப காலத்தில் டெரிக் கைலர் பதிவுசெய்த அதே குரல். அந்தப் பதிவை ஒவ்வொரு மாலையும் யாரோ ஒருவர் சொல்லி யாரோ ஒருவர் ஒலிக்கவிடுகிறார். ஆயிரமாவது முறை சொல்கிற வாய்க்கும் அழுத்துகிற கைக்கும் அது மரத்துப்போயிருக்கும். வாசலில் டிக்கெட் கொடுத்து உள்ளே வந்தவருக்கோ கொலைச் செய்தி இன்றுதான் புதிது. பயமாக இருக்கிற வேலையில் விழிப்பாக இருப்பது பெரிய காரியமில்லை, பயமே தட்டி எழுப்பிவிடும். கை தானாகச் செய்கிற வேலையில் தூங்காமல் இருப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

எதற்காக இவ்வளவு விழிப்பு? விளக்கு அரை விநாடி தாமதமானால் குடி மூழ்கிவிடுமா?

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்'. தேசியப் பாடல்களை மேடையில் பாடிப் பலமுறை சிறை சென்ற விஸ்வநாத தாஸ் அன்று முருகன். மயில் வாகனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. தமிழ் நாடக வரலாற்றில் எல்லோரும் சொல்லும் நிகழ்ச்சி இது. சொல்ல வேண்டியதுதான். என் மனம் ஓடுவது திரைக்கயிற்றின் பக்கம். பாட்டு நின்றது. பாகவதர்கள் பாட்டை நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவது வழக்கம். தலை சாய்ந்தால் அதுவும் பாவமாக இருக்கலாம். வேஷம் முருகன், எதிரே இருப்பது பக்தியில் கரைந்த கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு எல்லாமே நாடகமாகத்தான் தெரியும். அரங்கில் யாரோ ஒருவர் முதல் ஆளாக நாடகத்தை நம்புவதை நிறுத்தினால்தான் திரை விழும்.

நம்புவதை நிறுத்தினால் மட்டும் போதாது என்பதற்கு சிகாகோவின் இரோக்வா தியேட்டர் சாட்சி. 1903 டிசம்பர் 30, பகல் காட்சி, விடுமுறைக் கூட்டம், பாதிக்குமேல் பெண்களும் குழந்தைகளும். மேடை விளக்கொன்றின் பொறி படுதாவில் பற்றியது. எடி ஃபாய் என்ற நகைச்சுவை நடிகர் வேஷத்தோடு மேடை முனைக்கு வந்து, பதறாதீர்கள் என்று கூட்டத்தைக் கெஞ்சினார். தீத்தடுப்புத் திரையை இறக்கப் பார்த்தார்கள். அது பாதி வழியில் சிக்கிக்கொண்டது. வெளிக்கதவுகள் பல பூட்டியிருந்தன. இறந்தவர்கள் 602 பேர். கட்டி ஆறு வாரம்கூட ஆகாத அரங்கு அது. 'தீயே பிடிக்காது' என்று விளம்பரம் செய்திருந்தார்கள்.

லண்டனின் பெரிய அரங்குகளில் இன்றும் தீத்தடுப்பு இரும்புத் திரையை ஒவ்வொரு காட்சியிலும், பார்வையாளர்கள் இருக்கும்போதே ஒருமுறை இறக்கி ஏற்றிக் காட்ட வேண்டும். பெரும்பாலும் இடைவேளையில் இறக்குவார்கள். ஜனங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. வராத தீக்காக ஒரு திரை தினமும் இறங்கி ஏறுகிறது. அண்ணா இரோக்வா பற்றிப் படித்தவரா என்று நான் கேட்டதில்லை. ஆனால் எந்த அரங்குக்குப் போனாலும் அவர் முதலில் போவது பின்கதவுக்கு. பூட்டியிருக்கிறதா, பூட்டியிருந்தால் சாவி யாரிடம், அந்த ஆள் நாடகம் முடியும்வரை இருப்பானா, டீ குடிக்கப் போய்விடுவானா? இதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் சோபா இறங்கும்.

நாடகம் பார்க்க எதற்குப் போகிறோம்? பெரிய பெரிய காரணங்கள் சொல்லலாம். உண்மையான காரணம் சின்னது. தன்னை மறக்க. கடன் தவணை, முழங்கால் வலி, அமெரிக்காவிலிருந்து பேசாத மகன் எல்லாவற்றையும் வாசலில் விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஐநூறு பேரோடு ஒரு மூடிய கட்டடத்தில், இருட்டில், எவருடைய துக்கத்துக்கோ அழுதுவிட்டு வருகிறோம். நினைத்துப் பார்த்தால் இதைவிடத் துணிச்சலான காரியம் வேறில்லை. எந்தப் பிராணியும் காவல் இல்லாமல் இப்படிக் கண்ணை மூடாது. நாமும் மூடுவதில்லை. காவல் இருக்கிறது என்று கேட்காமலே நம்பிவிடுகிறோம்.

கல்யாண வீட்டில் உக்கிராணச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஒரு அத்தை. தாலி கட்டுவதை அவர் பார்த்திருக்க மாட்டார். கெட்டிமேளச் சத்தம்தான் கேட்டிருக்கும், அதுவும் பாயசத்துக்கு முந்திரி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது. மண்டபமே மணமக்களைப் பார்த்துக் கண் கலங்குகிற அந்த நிமிடத்தில், பந்திக்கு இலை போதுமா என்று எண்ணிக்கொண்டிருக்கிற ஒரு மனம் இருப்பதால்தான் மற்ற மனங்களுக்குக் கலங்க முடிகிறது. ஒரு கூட்டம் தன்னை மறக்க வேண்டுமென்றால், அதில் ஒருவர் மறக்காமல் இருந்தாக வேண்டும். பேரானந்தம் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த ஒருவரின் கணக்கில் எழுதப்படுகிற செலவு. கலை என்றால் பித்து, லயிப்பு, தன்னை இழப்பது என்று பேசியே நாம் பழகிவிட்டோம். லயிக்காமல் நிற்பதும் அன்பு என்று பேசுவதற்கு நம்மிடம் பழக்கமில்லை. அத்தைக்கு அந்தப் பெண்மேல் பிரியம் குறைவு என்று யாராவது சொல்வார்களா? அண்ணாவுக்கு எங்கள் நாடகம் முழுவதும் மனப்பாடம். ஒரு 'ஆனாலும்' இடம் மாறினால் மறுநாள் ஒத்திகையில் கேட்பார். அதன் ஒரு காட்சியைக்கூட எதிரே உட்கார்ந்து பார்த்தவரில்லை. ஒருநாள், காட்சி நன்றாகப் போன மிதப்பில், "இன்னிக்கு எப்படிண்ணா?" என்று கேட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் நீளம்" என்றார். சிரித்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். கைத்தட்டலில் மயங்கி நாங்கள் ஒவ்வொரு ஜோக்குக்கும் ஒரு மூச்சு கூடுதலாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். எதிரே உட்கார்ந்து சிரித்த எவராலும் சொல்ல முடியாத விமர்சனம் அது.

ஒரு வெற்றி விழாவில் அவரையும் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று எங்களில் சிலர் கிளம்பினோம். கூப்பிட்டோம். அவர் வரவில்லை. பிகு பண்ணுகிறார் என்றார்கள், அடக்கம் என்றார்கள். இரண்டும் இல்லை. எல்லோரையும் மேடையில் வரிசையாக நிறுத்தியிருந்தோம், திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் வந்துவிட்டால் திரையை மூடுவது யார் என்று நாங்கள் யோசிக்கவேயில்லை.

எனக்கு அந்தப் பொன்னாடை யோசனையே இப்போது சரியாகப் படவில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கியபோது, படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் காசுக்காக அல்லாமல் கலைக்காக நடிப்பது என்பது பெரிய புரட்சி. நாடகக்காரன் என்றால் திண்ணையில்கூட இடம் தராத காலம். அந்தப் பெருமையை அமெச்சூர் குழுக்கள் இன்றுவரை கட்டிக் காக்கின்றன. மேடையில் நிற்கிறவனுக்குக் கைத்தட்டல் என்ற கூலியாவது உண்டு, அவன் காசு வேண்டாம் என்று சொல்லலாம். திரைக்குப் பின்னால் நிற்கிறவருக்கு அதே பெருமையை நாம் சம்பளமாகக் கொடுக்க முடியாது. நியூயார்க்கில் நடிகர்களும் மேடை நிர்வாகிகளும் ஒரே சங்கத்தில், ஆக்டர்ஸ் ஈக்விட்டியில், உறுப்பினர்கள். இங்கே ஒரு காட்சி முடிந்ததும் குழுச் செயலாளர் ஒரு தாளில் கணக்கு எழுதுவார். அரங்க வாடகை, செட், விளக்கு, ஒலி, மேக்கப், வேன், டிபன். மேடை நிர்வாகத்துக்கு ஆட்டோ காசு, அதுவும் 'இதர செலவு' என்ற தலைப்பில். தாளில் இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது. வேனுக்கு மேலே எழுதலாம்.